இரண்டாவது தாளில் இருந்த பெயர்

என் மகளுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். தெரிந்தே எடுத்துக்கொண்டேன்.

சொத்தோ நகையோ அல்ல... புனேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில், பரதநாட்டிய முதுகலை வகுப்பில் ஓர் இடம். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. நிவேதாவுக்கு இருபத்தொன்று.

இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் திட்டினாலும் என் காதில் விழாது என்ற தைரியம்தான்!

விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவளே நிவேதாதான். "அம்மா, நீயும் போடும்மா. ஏதாவது ஒரு டிகிரி இருந்தாப் போதுமாம், வயசெல்லாம் கேக்கலை. ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா செம மஜாவா இருக்கும்!" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பு பதினோரு வருடம் ஆடியவள் நான். பிறகு புனேயை ஒட்டிய ஆகுர்டியில் குடித்தனம், கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, குழந்தை. மகளை வகுப்புக்கு அழைத்துப் போவதும், வீட்டில் அவள் ஆடும்போது உட்கார்ந்து ஜதி சொல்வதும்தான் எனக்கு மிஞ்சியது. ஆனால் என் கால்கள் எதையும் மறக்கவில்லை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அடுப்படியிலேயே அரைமண்டியில் உட்கார்ந்து எழுவேன். யாரும் பார்த்ததில்லை.

நுழைவுத் தேர்வுக்கு விளையாட்டாகப் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்! மூன்று வாரம், நிவேதா கல்லூரிக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பழகினேன்.

பட்டியல் ஒட்டிய அன்று நிவேதாவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் லோக்கல் ரயிலில் போனேன். அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள். முதல் தாளில் தேர்வானவர்கள். கடைசிப் பெயர் என்னுடையது. இரண்டாவது தாளில் காத்திருப்போர். அதில் முதல் பெயர் நிவேதா!

அலுவலகத்துப் பெண்ணுக்கு எங்கள் இருவரையும் நினைவிருந்தது. "முலீலா சாங்கா, தாயீ!" என்று சிரித்தார். மகளிடம் சொல்லுங்கள் என்று மராத்தியில் சொன்னார். சனிக்கிழமைக்குள் யாராவது ஒருவர் விலகினால் இடம் அவளுக்குத்தான் என்றார். யாராவது ஒருவர்... அந்த ஒருவர் நானாகவும் இருக்கலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பெற்றவள் போடாமல் இருப்பாளா என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த நிமிடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கைப்பேசியில் முதல் தாளை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"அரே வா! அம்மா, உனக்குக் கெடச்சிருச்சு!" காய்ச்சல் குரலில் கத்தினாள். அப்புறம் மெதுவாக, "வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு ஏதாவது போட்டிருக்காங்களாம்மா?"

"போட்டிருக்காங்க. அதுலயும் உன் பேரு இல்லடி."



"சரி, விடு. நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள்.

ஏன் செய்தேன்? அவள் சின்னவள், அடுத்த வருடம் எழுதலாம். எனக்கு இனி எப்போது... இந்த நியாயமெல்லாம் வீடு திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து சேர்த்துக்கொண்டவை. பலகை முன்னால் நின்றபோது எனக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்கு வேண்டும்!

குற்றவுணர்வு என்னை அரித்துத் தின்றது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி நடக்கவில்லையே! நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். என் மகள் வயதுப் பெண்கள் என்னைச் சித்தி முறை வைத்து 'காகூ' என்று கூப்பிட்டு, வடாபாவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்கள். தாளக் கணக்கில் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலக் கட்டுரையில் அவர்கள் எனக்கு. காலையில் வெறுங்காலோடு அந்தக் கூடத்தில் முதல் தட்டு விழும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே... என் வாழ்க்கையில் அதற்கு ஈடாக எதுவும் வந்ததில்லை. இப்போதும் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இதுவும் என் குற்றத்தில் சேர்த்தியா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருடம் அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

"வேணாம்மா. வெயிட்டிங் லிஸ்ட்லகூட வராதவ நான். திரும்பப் போய் எதுக்கு அசிங்கப்படணும்?" என்று சிரித்தாள். மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு அவள் ஆடி நான் பார்க்கவில்லை.

படிப்பு முடியும்போது ஒவ்வொருவரும் தனியாக மேடையில் ஆட வேண்டும். என் நாளன்று நிவேதா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒப்பனை அறையில் எனக்கு விசிறி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னோடு படித்த மராத்திப் பெண் ஒருத்தி, நீ ஏன் ஆடுவதில்லை என்று அவளிடம் இந்தியில் கேட்டாள்.

நிவேதாவும் இந்தியில்தான் பதில் சொன்னாள். தனக்கு அந்த அளவுக்கு ஆட்டம் வராது, நல்லவேளையாக அது சீக்கிரமே தெரிந்துவிட்டது என்றாள். அவள் குரலில் வருத்தமே இல்லை. யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

இடம் போனதைவிடப் பெரியது ஒன்று போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த பெயர் உன்னுடையதுதான்டி... இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன்.

"அசையாதம்மா, ஊக்கு குத்திரும்" என்றாள்.

அசையாமல் நின்றேன். பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மேடைக்குப் போனேன். அன்று மிக நன்றாக ஆடினேன். முதலில் எழுந்து நின்று கைதட்டியவள் நிவேதா.

அதன் பிறகு எத்தனையோ சந்தர்ப்பங்கள் வந்தன. ஒன்றிலும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னை மன்னித்துக்கூட விடுவாள்...

நிவேதா நன்றாக ஆடுவாள். அது அவளுக்கு இன்னும் தெரியாது.