வலது பக்கத்து எர்த்து

எங்கள் பிக்கப் வண்டியின் பின் விளக்குகளுக்கென்று ஒரு தனிக் குணம் இருந்தது. அப்பா பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் அரைக்கண் திறக்கும். இண்டிகேட்டர் போட்டால் சிவப்பு விளக்கும் கூடச் சேர்ந்து சிமிட்டும். சில நாள் பிரேக்கை மிதித்ததும் எரிந்துகொண்டிருந்ததுகூட அணைந்துபோகும். இவர் நிற்கப்போகிறாரா திரும்பப்போகிறாரா என்று தெரியாமல் பின்னால் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பலாச் சீசனில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம், மற்ற நாளில் கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி என்று அந்த வண்டி ஓடியதில்தான் எங்கள் வீடும் என் இங்கிலீஷ் மீடியம் படிப்பும் ஓடின.

காலையில் அந்த வண்டியில்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார். ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வேன். "வாசல்ல ஒரே கூட்டம்பா, வண்டிய திருப்ப முடியாது" என்று அவர் மேல் அக்கறை உள்ளவள் மாதிரி சொல்வேன். மீன் வாடையும் துருவும்தான் காரணம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, ஒருநாளும் கேட்டதில்லை.

நான் ஆறாவது படித்தபோது, காலாண்டு லீவில், வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, இது ரோட்டில் ஓடலாம் என்று சான்று வாங்கும் சடங்கு. அதற்கு முன்னால் ஓட்டை உடைசலைத் தட்டிப் பெயிண்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துத்தான் கொண்டுபோவார்கள். அப்பா நீலம் அடித்தார். வண்டி புதுசு போல ஆகிவிட்டது. லீவு முடிந்ததும் பள்ளி வாசலிலேயே போய் இறங்குவது என்று நான் முடிவு செய்தேன். யார் யார் பார்க்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் பெயர் போட்டு வைத்துக்கொண்டேன்.

விளக்கு வேலைக்கு மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. எட்டாவதோடு பள்ளியை விட்டு, பட்டறை பட்டறையாக நின்று வண்டிக்கு ஒயரிங் வேலை கற்றுக்கொண்டவர். சிதம்பரத்தில் பைபாஸ் பக்கம் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தக் கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் என்று அம்மாவுக்குக் கவலை.

அப்பா அவர் தோளில் கை போட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டேய் மச்சான், இந்த எஃப்.சி. மட்டும் ஒழுங்கா ஆவட்டும். எங்க ஸ்டாண்டுல இருக்குற அத்தனை வண்டியும் இனிமே ஒன் கடைக்குத்தான். நான் சொன்னா கேப்பானுவ."

ஸ்டாண்டு வண்டிகள் வந்தால் கடை நிற்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாது என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

மாமா ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்பை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். இங்கே ஒரு முனை, அங்கே ஒரு முனை. கொஞ்ச நேரத்தில் சிரித்தார். "பல்பும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. எர்த்து இல்ல, அதான் இந்த ஆட்டம்."

நான் விடவில்லை. "எர்த்துன்னா பூமி மாமா. வண்டியில எங்க பூமி இருக்கு?"

"படிச்ச புள்ள நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கோபமே இல்லாமல். "எங்க பாஷையில எர்த்துன்னா கரண்டு திரும்பி வர்ற வழி. போறதுக்கு ஒயரு, திரும்பி வர்றதுக்கு வண்டி பாடி. நடுவுல துருவோ பெயிண்டோ இருந்தா வழி அடைச்சிக்கும். அப்ப அது பக்கத்து லைட்டு வழியா பூந்து வரப் பாக்கும். அதான் பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டர் எரியிது."

பூமி பூமி என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அவர் விளக்குகளுக்குப் பக்கத்தில் உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ஒயரை வைத்துப் போல்ட் போட்டு முறுக்கினார். அப்பா பிரேக்கை மிதித்தார். சிவப்பு சிவப்பாக மட்டும் எரிந்தது, மஞ்சள் மஞ்சளாக மட்டும் சிமிட்டியது. அப்பா அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்.

நான் பார்த்தது வேறு. இடது பக்கம் தேய்த்த இடம் உள்ளே மறைவாக இருந்தது. வலது பக்கம் மட்டும், நீலப் பெயிண்டுக்கு நடுவே, எட்டணா அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. இதற்குள் மாமா வண்டியைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். சாயங்காலம் அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் அவருடைய ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றினேன். டப்பாவில் மிச்சமிருந்த பெயிண்டைத் தொட்டு இரண்டு பூச்சுப் பூசி, ஒயரைப் பழையபடி வைத்து, கைக்கு வந்தமட்டும் முறுக்கினேன். கிட்டப் போய்ப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் எஃப்.சி. காட்ட ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அப்பாவின் ஸ்டாண்டுக்காரர்கள் மூன்று பேர் அவரவர் வண்டியோடு வந்திருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து, "பிரேக்க மிதிங்க" என்றார்.

அப்பா கேபினுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, எரியுதா?"

இடது விளக்கு எரிந்தது. வலது பக்கம் சிவப்பு அணைந்து, மஞ்சள் சோகை பிடித்தது போல லேசாக எரிந்தது. மாமா சொன்ன அத்தனையும் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"எரியுதுப்பா" என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவிடம், "சரி பண்ணி எடுத்துட்டு வாங்க" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டாண்டுக்காரர்களில் ஒருவர், "ஒயரிங் யாருப்பா? ஒன் மச்சானா?" என்று கேட்டார். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

வரும் வழியில் அப்பா கேட்டார். "அவன் போனதுக்கு அப்புறம் வண்டிய யாராவது தொட்டாங்களா?"

"இல்லப்பா. மாமாதான் கடைசியா தொட்டாரு."

அந்த நான்கு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். வாடா போடா என்பவர், "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மரியாதை குறைந்தால்தான் அவமானம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மாமா வந்து இறங்கியதும் அப்பா, "வாங்க, ஒக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மாமாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. உட்காரவில்லை. "நான் பாத்துடறேன் மாமா" என்று சொல்லி நேராக வண்டிக்குப் பின்னால் போனார்.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பக்கத்தில் நின்றேன். பிரேக் மிதியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, பேட்டரி எர்த்திலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து வலது விளக்கில் வைத்தார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. பிறகு போல்ட்டைக் கழற்றினார். வெறும் கையாலேயே கழன்று வந்தது. வாஷருக்கு அடியில் இன்னும் சரியாகக் காயாத நீலப் பெயிண்ட். அதில் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "கைய காட்டு."

காட்டினேன். துணியைப் பெட்ரோலில் நனைத்து, என் நக இடுக்குகளில் இருந்த நீலத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். எரிந்தது. "லீவு முடிஞ்சி ஸ்கூலுக்குப் போவணும்ல, இப்பிடியேவா போவ?" என்றார். இரும்பை மறுபடி தேய்த்தார், முறுக்கினார், எழுந்தார்.

அப்பா நிலைப்படியில் நின்றிருந்தார். "என்னா கோளாறுங்க?"

"எர்த்துதான் மாமா. நான் சரியா தேய்க்காம முறுக்கிட்டேன். என் தப்புதான்."

"ஸ்டாண்டு ஆளுங்க முன்னாடி தலைகுனிஞ்சி நின்னேன்" என்றார் அப்பா. "இனிமே இந்த வண்டிய நீங்க தொட வேணாம்."

"சரி மாமா."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா தெருமுனை வரை பின்னாலேயே போனாள். அவர் நிற்கவில்லை.

ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டிகூட அந்தக் கடைக்குப் போகவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே கொட்டகையைப் பிரித்துவிட்டு, சென்னைப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தார். விசேஷங்களுக்கு வருவார். அப்பா இன்றைக்கும் அவரை "வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார். நானும் இன்றைக்கு வரை வாயைத் திறக்கவில்லை. படித்து, வேலைக்குப் போய், எத்தனையோ பேரிடம் எத்தனையோ நியாயம் பேசியிருக்கிறேன். இந்த ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கமே இல்லை. பெயிண்டைக் கண்ணால் பார்த்தும், என் விரலைக் கையில் பிடித்தும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க மாமாவுக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சோறு போட்டாள். தப்பித்த சந்தோஷத்தில் எனக்கு நல்ல பசி. மாமாவுக்கென்று எடுத்து வைத்திருந்த மீனையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.