கிரகணத்தன்னிக்கு ஃபீபி டீச்சர்

நான் தேவகி. வாணியம்பாடி பக்கத்துல ஒரு துவக்கப் பள்ளியில சத்துணவு சமைக்கிறவ. எங்க மூணாங்கிளாஸ் ஃபீபி டீச்சரைப் பத்தி ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. கூட இருந்து பாத்தவ நான். அதனால நான் சொல்றதுதான் சரி.

டீச்சருக்கு சூரியன்னா ஒரு கிறுக்கு. சூரியனும் ஒரு நட்சத்திரந்தான்னு பசங்களுக்குச் சொல்லுவாங்க. ஹைவேஸ்ல லாரி கிட்ட வந்தா அதோட லைட்டு கண்ணக் கூசும். அதே லாரி நாட்றம்பள்ளி தாண்டி நின்னா ஒரு புள்ளி. சூரியன் கிட்ட நிக்கிற லாரி, மத்த நட்சத்திரமெல்லாம் தூரத்துல நிக்கிற லாரி, அவ்ளோதான்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரர் தெனம் கும்புடற சாமியப் போயி லாரின்றாங்களேன்னு எனக்குக் கோவமா வரும். ஆனா பசங்களுக்கு டக்குனு புரிஞ்சிடும்.

ஒரு நாள் பூசணிக்கா அரிஞ்சிட்டிருந்தேன். நாம பாக்குற வெளிச்சம் சூரியன வுட்டுக் கெளம்பி எட்டு நிமிஷம் ஆகுது, சூரியன் இப்பவே அவிஞ்சி போனாலும் எட்டு நிமிஷம் நமக்குத் தெரியாதுன்னு கிளாஸ்ல டீச்சர் சொல்றாங்க. என் கத்தி நின்னுடுச்சி. அப்ப மேல ஒண்ணுமே இல்லாத நேரத்துல நான் பாட்டுக்குச் சாம்பாருக்கு உப்புப் போட்டுட்டிருப்பேனா? அன்னியிலேருந்து ஒலை கொதிக்கறப்பல்லாம் வெளிய எட்டி, வெயில் இருக்குதான்னு பாத்துக்குவேன். சிரிக்காதீங்க. நெஜமாவே பயந்தேன்.

2019-ல கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்துச்சி. ஊரே கதவைச் சாத்திக்கிச்சி, தட்டுல தண்ணி ஊத்தி உலக்கைய நிறுத்தி வச்சாங்க. ஃபீபி டீச்சர் மட்டும், லீவுன்னும் பாக்காம, பசங்கள கிரவுண்டுக்கு வரச் சொன்னாங்க. யாரும் மேல பாக்கக் கூடாது, தரையத்தான் பாக்கணும்னு கண்டிஷன். ஷூ கம்பெனியில ஓட்டை ஓட்டையா பஞ்ச் அடிச்ச தோல் கழிவு எல்லார் வீட்லயும் கெடக்கும், அதக் கொண்டாங்கன்னாங்க.

தோல வெயில்ல புடிச்சோம். ஓட்டையெல்லாம் வட்டம். தரையில வுழுந்த வெளிச்சம் பிறை பிறையா இருந்துச்சி. ஒவ்வொண்ணும் சூரியனோட படம், சந்திரன் மறைச்சது போக மீதிதான் இது, இன்னும் ஒல்லியாகும்னாங்க டீச்சர். சொன்னபடியே ஆச்சி. மேகமே இல்ல, ஆனா வெயில் வெளுத்துப் போச்சி. நெழலு கத்தி மாதிரி கூரா வுழுந்துச்சி. காக்கா சத்தம் நின்னுடுச்சி. தெரு நாயெல்லாம் வந்து சமையக்கட்டுச் சுவத்தோரம் ஒண்டிக்கிச்சி. பசங்க சட்டையில, கன்னத்துலன்னு உடம்பு பூரா பிறை ஊர்ந்துச்சி. எனக்குக் கையெல்லாம் மயிர் கூச்செறிஞ்சிச்சி.

அப்பதான் மூணாங்கிளாஸ் புள்ள ஜெனிஃபாவோட அப்பா புகழேந்தி ஒரு பையோட வந்தாரு. செருப்புத் தோலுக்கு வெள்ளி மினுக்கு ஏத்துற செக்ஷன்ல வேலை. மினுக்குத் தாள் ரோல்ல மிஞ்சினத வெட்டி, அட்டையில ஒட்டி, எல்லாப் பசங்களுக்கும் கண்ணாடி செஞ்சிட்டு வந்திருந்தாரு. கடையில விக்கிற கிரகணக் கண்ணாடி மாதிரியே பளபளன்னு இருந்துச்சி. நல்ல மனுஷன். பசங்க தரையப் பாத்து நிக்குதேன்னு அவருக்குப் பாவமா இருந்திருக்கு.

ஜெனிஃபா அத மாட்டிக்கிட்டு தலையத் தூக்கப் போனா. டீச்சர் ஓடி வந்து புடவைத் தலைப்பால அவ தலைய மூடிட்டாங்க. மத்த கண்ணாடியெல்லாம் புடுங்கிக் கீழ போட்டாங்க. புகழேந்திக்கு மூஞ்சி செவந்துடுச்சி. நானே பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன், கூசவும் இல்ல வலிக்கவும் இல்ல, உங்களுக்கு இன்னா தெரியும்னு சத்தம் போட்டாரு.

"வலிக்காதுங்க. அதான் பேஜாரே. கண்ணுக்குள்ள சுடுற எடத்துல வலியே தெரியாது," ன்னாங்க டீச்சர். அப்புறம் கொரலத் தாழ்த்தி, "எண்பதுல ஒரு கிரகணம். எனக்கு எட்டு வயசு. எக்ஸ்ரே ஃபிலிம் வச்சிப் பாத்தேன். இப்ப உங்க மொகம் எனக்குத் தெரியல. மொகம் இருக்கற எடத்துல ஒரு கறுப்பு."

இத்தன வருஷம் ஒண்ணா வேலை செஞ்சிருக்கேன், எனக்கே தெரியாது. நான் தெனம் எதிர நின்னு பேசினதெல்லாம் அவங்களுக்கு மொகமில்லாத ஒருத்தி பேசினதா? பசங்க மறுபடி தரையப் பாத்துதுங்க. ஒரு புள்ளைக்கும் கண்ணு கெடல, அது வரைக்கும் ஆண்டவன் புண்ணியம்.

ஸ்கூல் தொறந்த அன்னிக்கு புகழேந்தி மகள் கையப் புடிச்சிக்கிட்டு வந்தாரு. படிக்கட்டுல தடுமாறினாரு. கிரகணத்தன்னிக்குக் காலையில ஒவ்வொரு கண்ணாடியையும் மாட்டி, சூரியனப் பாத்துச் சோதிச்ச பிறகுதான் பையில போட்டாராம். பசங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதில்ல. மறுநாள் கண்ணு நடுவுல கறுப்பு வுழுந்துடுச்சாம். பார்வை கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போலாம்னு வேலூர்ல கண் டாக்டர் சொல்லிட்டாராம். நின்ன எடத்துலயே அழுதாரு. புள்ள மொகத்தப் பாக்க முடியலன்னாரு.

டீச்சர் ஜெனிஃபாவ அவருக்கு எதுர நிறுத்துனாங்க.

"மொகத்தத் தேடாதீங்க, தேடினா போயிடும். அவ காதைத் தாண்டி, பக்கத்துல ஒருத்தர் நிக்கற மாதிரி நெனச்சி அவரப் பாருங்க."

அவரு மெதுவா கண்ண நகத்துனாரு. ரொம்ப நேரம் அப்படியே பாத்தாரு. அப்புறம், "தெரியுது டீச்சர். சிரிக்கிறா," ன்னாரு.

ஜெனிஃபா சிரிப்ப நிறுத்திட்டு, தன் பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாத்தா.