கேட்காமல் அழிக்காதவர்

நசீர் நானா இறந்த செய்தியை நெளுக்குளத்திலிருந்து அவருடைய மச்சான் சைக்கிளில் கொண்டுவந்தார். எங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தின் ஒரே தொலைபேசி இணைப்பை நான் இணையத்துக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததால் நானாவின் வீட்டார் எடுத்த அழைப்பு எதுவும் கிடைக்கவில்லை. "நானா விடியப்புறம் மௌத்தாயிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம்.

கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து எங்களோடு வேலை செய்த உங்களில் பலர், அண்ணன் என்ற முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட அவரை நேரில் கண்டதில்லை. மின்னஞ்சலில் சண்டை மட்டும் பிடித்திருப்பீர்கள். உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கணினியில் தமிழ் எழுத நாங்கள் செய்த இலவச மென்பொருளின் மூல நிரல் எல்லாருக்கும் பொது. புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க நினைப்பவர், முதன்மை நிரலைக் கெடுக்காமல் தனக்கென்று ஒரு கிளை பிரித்துக்கொள்வார். பிறகு அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அப்படிக் கிளைகள் பெருகி, எது உயிரோடு இருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. துப்புரவாக்கும் பொறுப்பை நானாவிடம் கொடுத்தோம். ஒரு பின்னேரத்து வேலை என்று நான் நினைத்தேன். அவர் மாதக்கணக்கில் இழுத்தார்.

ஒவ்வொரு கிளைக்கும் உரியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டார். எங்களோடு இருந்த ஜெயந்தன், தாயைப் பார்க்கக் கிளிநொச்சிப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தார். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அப்பால் தொலைபேசி ஏது? பயண அனுமதிப் பாஸ் எடுத்துப் போகிற வருகிற எல்லாரிடமும் நானா சொல்லியனுப்பினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அழித்துத் தள்ளுங்கள், அவரா வந்து கேட்கப்போகிறார் என்று கத்தினேன். நானா கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆள் இல்லாத வளவைத் துப்புரவாக்கலாம் தம்பி. வேலியைப் பிடுங்கேலாது. ஆள் வந்து நிண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, முல்லைத்தீவில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டிவந்த மனிதர் அவர்.

கடைசியில் ஜெயந்தனின் பதில் வந்தது. அப்படி ஒன்று இருந்ததே தனக்கு மறந்துபோய்விட்டதாம், தாராளமாக அழிக்கட்டாம். நானா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழித்தார்.

அவருக்கும் ஒரு கிளை இருந்தது. எங்கள் மென்பொருளைப் பழைய, மெதுவான கணினிகளிலும் ஓடவைக்கும் முயற்சி அது. அப்படியான கணினிகளை வெளிநாட்டில் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீண்வேலை என்று நானும் கிண்டலடிப்பேன். "ஊருக்குத் திரும்பிப் போனா எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஆர் புது மெஷின் தரப்போறாங்கள்? கழிச்சதைத்தான் தருவாங்கள். அதில ஓட வேணும்" என்பார்.

சில மாதங்களுக்கு முன்பு முல்லைத்தீவிலிருந்து வந்த ஒருவர், நானாவுடைய வளவைப் பார்த்ததாகச் சொன்னார். வீடு இல்லை, கிணற்றுக்கட்டு மட்டும் இருக்கிறது. நானா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அந்தப் பக்கம் மழை எப்படி என்று விசாரித்து அனுப்பினார். அடுத்த வாரம், துப்புரவு முடிந்தது என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டார். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு பாராட்டினோம்.

அழிக்கப்பட்டவற்றில் அவருடைய கிளையும் ஒன்று என்பதை, அடக்கம் முடிந்து வந்து பார்த்தபோதுதான் கண்டேன். அத்தனை பேரையும் தேடித் தேடிக் கேட்டவரிடம், உங்களுடையதை ஏன் அழித்தீர்கள் என்று கேட்க எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. நினைக்க நினைக்க ஆறவில்லை.

நிலையத்து அலுமாரியில் மூல நிரலின் பழைய பிரதி ஒன்று கிடந்தது. அதிலிருந்து அவருடைய கிளையை எடுத்து, அவர் பெயரிலேயே மறுபடி போட்டிருக்கிறேன். இங்குள்ளதில் ஆக மெதுவான கணினியில் ஓட்டியும் பார்த்தேன். திரையில் முதல் எழுத்து விழ நேரமெடுத்தது. ஆனால் விழுந்தது.

நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். தயவுசெய்து யாரும் அதில் கைவைக்க வேண்டாம். உரியவரைக் கேட்காமல் செய்த வேலைதான். அவர் வந்து நின்று கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.