கூரைப் பாலத்தில் காலடிச் சத்தம்

படத்தின் பின்புறம் அப்பாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஓகஸ்ட், ஞாயிறு. கூரைப் பாலம். தற்செயலாக நண்பர்களைக் கண்டோம்." ஆண்டு இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது என்பதால் கணித்துக்கொள்ளலாம். 'தற்செயலாக' என்ற சொல்லைத்தான் நான் அன்றே நம்பவில்லை.

லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே, நகரம் முடிகிற இடத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றோடை. அதன்மேல் பழைய மரப்பாலம். இரு பக்கமும் பலகைச் சுவர், மேலே கூரை. கட்டிய ஆண்டை வாசலில் செதுக்கியிருந்தார்கள். கடைசி இலக்கத்தை மழை தின்றுவிட்டது.

சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்தன. நாலு பேருக்கு அம்மா இரண்டு பெட்டி மீன் ரோல்ஸ் கட்டியிருந்தார். வயல் பார்க்க வந்த சித்தி சேலை உடுத்தியிருந்தார். மழைக்கு நாங்கள் பாலத்துக்குள் ஒதுங்கியபோது அங்கே முன்பே ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது: தாய், தகப்பன், கூரை மரங்களை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மகன்.

"அட, நீங்களும் இங்கையோ!" என்றார் அப்பா, கவுன்சில் அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசும் செயற்கைக் குரலில்.

"சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்," என்றார் அந்தத் தாய். கண் சித்தியின் காலில் இருந்தது.

வேண்டாமென்றால் எவருக்கும் தலைகுனிவு வராதபடி இப்படித்தான் பெண் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. சித்தியின் வலது காலை ஊரில் சண்டை நேரம் ஷெல் துண்டு வெட்டியிருந்தது. கம்பளத்தில் நடந்தால் நொண்டல் தெரியாது. உள்ளதைச் சொன்னதால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் குழம்பிப்போனது. இம்முறை சொல்வதில்லை என்று அப்பாவும் அம்மாவும் முடிவுசெய்திருந்தார்கள்.

"பிள்ளை, அங்கால மழை விட்டிட்டுதோ எண்டு ஒருக்காப் பார்த்திட்டு வாறீரோ?" என்றார் அந்தத் தாய் சித்தியிடம்.

இங்கே பெய்கிற மழை அங்கே எப்படி விடும்? நான் கேட்குமுன் அம்மா என் காதருகே குனிந்தார். "நீயும் ஓடு. நல்லாக் காலை அடிச்சு ஓடு."

மாடி வீட்டில் ஒருமுறை குதித்தாலே, கீழ்வீட்டுக்காரர் வருவார் என்று ஏசுகிற அம்மா! சந்தேகம் உறுதியானது. ஆனாலும் விடுவேனா? பலகைகள் அதிர ஓடினேன்; பின்னால் வந்த சித்தியின் காலடி அதில் கேட்கவேயில்லை.

மறுமுனையில் சித்தி என் தோளைப் பிடித்தார். "இங்கையே நில்லு. இனி ஓடாதை."

"அம்மாதான் ஓடச் சொன்னவா."

"தெரியும்."

மழை தூறலாகியிருந்தது. சித்தி தனியே திரும்பி நடந்தார். ஒரு அடி கனமாக, அடுத்தது இழுபட்டு; வெறும் பலகை ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தத் தாயின் கையில் ரோல்ஸ் பாதியில் நின்றது. மகன் கூரையைப் பார்ப்பதை விட்டார்.

"எந்தக் கால்?" என்று அவரே கேட்டார்.

"வலது."

"நோகுதோ?"

"குளிருக்கு மட்டும்."

"இந்த நாட்டில எப்பவும் குளிர்தானே," என்றார் அவர். சித்தி சிரித்துவிட்டார்.

திரும்பும்போது காரில் அம்மா அழுதார். நான் ஓட்டத்தை நிறுத்தியதால்தான் என்று நினைத்தேன். சித்தி ஏன் நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மகன் இன்று என் சித்தப்பா. அந்தப் பாலத்தைத் தெரிவுசெய்தது யார்? தரகர் என்கிறார் அப்பா. பெண் வீட்டார் என்கிறார் சித்தப்பா. சித்தியைக் கேட்டால், "ஆருக்கு ஞாபகம்?" என்று தேத்தண்ணி போடப் போய்விடுவார். ஆனால் சித்தியின் ஆங்கில வகுப்பு அதே ஓடைக்குச் சுற்றுலா போன படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சித்தி பாலத்தின் நடுவில், அதே வெறும் பலகைகள்மேல் நிற்கிறார். மரங்களில் இலை இல்லை. அந்த ஓகஸ்டுக்கு முந்திய குளிர்காலமா, பிந்தியதா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.