அத்தைக்குக் குமட்டிய நாள்

ராவினியா அத்தையின் கையிலிருந்து சிப்பி நாற்றம் போகாது. எலுமிச்சம்பழம் தேய்ப்பாள், பற்பசை தேய்ப்பாள், போகாது. நாட்டின் தென்கோடியில், ப்ளஃப் துறைமுகத்துச் சிப்பித் தொழிற்சாலையில் சின்ன வயதிலிருந்தே ஓடு பிளக்கிறவள். சளி மாதிரி வழியும் பச்சைச் சதையை அவ்வப்போது வாய்க்குள் வழுக்கிவிட்டுக்கொண்டே வேலை பார்ப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அவளுக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு இந்த மே மாதம் அவள் வீட்டுப் பின்னறையில் வந்து விழுந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மகன்கள் இருவரும் ஆஸ்திரேலியச் சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். வீடு ஓவென்று கிடந்தது பொறுக்காமல், மாணவர் பரிமாற்றச் சங்கத்தில் கேட்டு, எஸ்தோனியாவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை ஒரு வருஷத்துக்கு வீட்டில் வைத்துக்கொண்டாள் அத்தை. பெயர் லீஸ்பெத். வெளிறிய முகம், எப்போதும் பாதி மூடிய மூக்கு.

மூக்கை மூடாமல் என்ன செய்வாள்? படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. தெருவில் வெறுங்காலோடு கடைக்குப் போய்வந்து அதே காலைச் சோபாவில் தூக்கிப் போடும் அத்தையின் புருஷன் ஏனோக்கா மாமா. குழம்புச் சட்டியை நக்கிவிட்டுப் போகும் நாய். எல்லாவற்றுக்கும் மேலே, பாத்திரம் கழுவும் விதம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சோப்புத் தண்ணீர், அதற்குள் தட்டு, அலசாமல் அப்படியே நுரையோடு எடுத்துத் துணியால் ஒரு துடைப்பு. முடிந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் வீடுகளில் அப்படித்தான். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகு எனக்கே தேநீரில் சோப்பு மணந்தது. சொல்ல வாய் வரவில்லை.

லீஸ்பெத் மட்டும் தினமும் சாப்பிடுமுன் தன் தட்டைக் குழாயில் அலசிக்கொள்வாள்.

"மகாராணிக்கு நம்ம சோப்பு ஆகாது போல," என்பார் மாமா.

"சோப்பைச் சாப்பிட முடியாது அங்கிள்."

"நான் தின்னுட்டுத்தானே இருக்கேன்? உள்ளயும் சுத்தமா இருக்கும்ல?"

அத்தை சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகாது.

தீவிலிருந்து தீத்தி வந்த அன்றுதான் விஷயம் முற்றியது. உப்பில் கிடக்கும் கடற்பறவைக் குஞ்சுகள். வாளியைத் திறந்ததும் அத்தை கண்ணை மூடி மோந்தாள். வேகவைத்தாள், தண்ணீரைக் கொட்டினாள், மறுபடி வேகவைத்தாள். ஆட்டுக் கொழுப்பும் நெத்திலிக் கருவாடும் சேர்ந்து அழுகின மாதிரி ஒரு வாடை திரைச்சீலை, தலையணை, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. லீஸ்பெத் வாசலுக்கு ஓடி, தெருவே பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே சங்கத்து மிஸஸ் டன்பாருக்குப் போன் செய்து வேறு வீடு கேட்டாள். சனிக்கிழமை பக்கத்து நகரமான இன்வர்கார்கிலிலிருந்து வந்து கூட்டிப்போவதாக அந்த அம்மா சொல்லிவிட்டாள்.

அத்தை என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போனாப் போறா. ஆனா என்னன்னு சொல்லிட்டுப் போவா? அழுக்கு வீடுன்னு. 'மாவோரி வீடு, வேற எப்படி இருக்கும்'னு அந்த டன்பார் ஊரெல்லாம் சொல்லுவா. தொழிற்சாலையில எல்லாருகிட்டயும் எம் பொண்ணு, எம் பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன்டி."

சனிக்கிழமை காலையில் அத்தை பிளீச்சிங் தண்ணீரோடு சுவர் சுவராகத் தேய்த்தாள். பிறகு தேநீர்க் கோப்பைகளைக் கழுவ அடுக்களைக்குப் போனவள் அலறினாள்.

பாத்திரம் கழுவும் தொட்டியில், சோப்பு நுரைக்குள், லீஸ்பெத்தின் உள்ளாடைகள் மிதந்தன.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வேலியோரம் குனிந்து ஓங்கரித்தாள். சிப்பியை உயிரோடு விழுங்குகிறவள், கண்ணில் நீர் வழிய, எச்சில் தொங்க நின்றாள்.

லீஸ்பெத் பின்னாலேயே ஓடிவந்தாள். "என்ன ஆன்டி? என்னாச்சு?"

"என்னாச்சா? சோறு திங்கிற தட்டு கழுவுற தொட்டிடி அது! அதுல போய்… ச்சீ! துணி தொவைக்கிற தொட்டி இல்ல?"

"அதுல அங்கிளோட தூண்டில் மீனும் பூட்ஸும் ஊறுது. புது வீட்டுக்குக் கொண்டுபோற துணியை அதுலயா போடுவேன்? இந்த வீட்டுலயே சுத்தமா இருக்கறது உங்க பாத்திரத் தொட்டி ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"உடம்புல படுறது வேற, வாயில படுறது வேற. ரெண்டும் சேரக் கூடாது. தலகாணியைச் சாப்பாட்டு மேசையில வெச்சாலே எனக்கு ஒடம்பு கூசும். மேசையில குந்துறவங்களப் பாத்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது!"

மறுபடி ஓங்கரித்தாள். லீஸ்பெத் அவள் முதுகைத் தடவியபடி வியப்போடு கேட்டாள்: "உங்களுக்கும் கொமட்டுமா ஆன்டி?"

"ஏன், நான் என்ன நாயா?"

"இல்ல… எனக்கு மட்டும்தான் இங்க கொமட்டுதுன்னு நெனச்சேன்." அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அத்தை முறைத்தாள். தொட்டி குப்பைக்குப் போனது.

மிஸஸ் டன்பார் வந்தாள். முத்துமாலை, பூப்போட்ட பாவாடை. அடுக்களைக்குள் நுழைந்து மூக்கை லேசாகச் சுருக்கினாள். "பாவம், குழந்தை எப்படித்தான் இருந்தாளோ," என்று சொல்லிக்கொண்டே, அடுக்கியிருந்த கோப்பைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அத்தை வாயைத் திறக்குமுன் லீஸ்பெத் கத்தினாள்.

"எந்திரிங்க! ச்சீ, எந்திரிங்க! சாப்பிடற மேசை அது! அதுல போய் உங்க பின்பக்கத்தை வெக்கிறீங்களே!"

அந்த அம்மா துள்ளி எழுந்தாள். முகம் முத்துமாலைக்குக் கீழ்வரை சிவந்தது. லீஸ்பெத் கொதிதண்ணீர்க் கெண்டியை எடுத்து அந்த இடத்தில் ஊற்றினாள். அருவருப்பில் அவள் உதடு கோணியிருந்தது. அத்தையின் உதடும் அதே மாதிரி.

"பெட்டியைக் காரில் ஏற்றலாமா?" என்றாள் மிஸஸ் டன்பார்.

லீஸ்பெத் அத்தையைப் பார்த்தாள். "தட்டை நான் அலசிக்குவேன். யாரும் கேலி பண்ணக் கூடாது."

"அலசிக்கோ. ஆனா தீத்தி வேகுறப்போ தெருவுல போய் மூக்கைப் பொத்தாத. கொல்லைப்பக்கம் போய் நின்னு பொத்திக்கோ."

"பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றாள் லீஸ்பெத்.

அன்று மாலை மிச்சத் தீத்தியும் உருளைக்கிழங்கும். குப்பையிலிருந்து தொட்டியை எடுத்துத் தூண்டில் மீன் போட்டு வைத்திருந்தார் மாமா. அதற்கு ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. பாத்திரம் கழுவ வாங்கிய புது வாளியிலிருந்து நுரையோடு தட்டுகள் வந்தன. லீஸ்பெத் தன் தட்டைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள்.

நான் எழுந்துபோய் என் தட்டையும் நீட்டினேன்.

"நீயுமாடி?" என்றாள் அத்தை.