தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்

என் மனைவி இறந்த பிறகு எங்கள் வீட்டில் அசைந்துகொண்டிருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். செம்பூரில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. அறையின் நீளச் சுவரில் பாதியைத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கடல் தண்ணீர், இரண்டு மூன்று மீன், மற்றதெல்லாம் உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகள். கல் என்றுதான் சொல்வோம்.

தொட்டி என் மனைவியின் தம்பியுடையது. அவன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். கல்யாணம் ஆகவில்லை. கரைக்கு வந்தால் எங்கள் வீடுதான் அவனுக்கும் வீடு. ஜெர்மனியில் ஏதோ துறைமுகத்துக் கடையில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டான். தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் சிநேகிதன் ஒருவனிடம் கல் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ரயிலேற்றிக் கொண்டுவந்தான். எண்பதுகளின் பிற்பகுதி அது. பம்பாயில் தங்கமீன் வளர்ப்பவர்கள் இருந்தார்கள். கல் வளர்த்தவர்களை நான் கண்டதில்லை.

“ஊர்ல இந்தக் கல்லைச் சூளையில போட்டுச் சுண்ணாம்பு எடுக்கான். நீ சுண்ணாம்பைப் போட்டுக் கல்லை வளக்கியாக்கும்” என்று என் மனைவி அவனைக் கேலி செய்வாள்.

அது உண்மைதான். கல் தன் உடம்பைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அது எடுக்க எடுக்க நாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அவள் இறந்தபோது அவன் கடலில் இருந்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரதேசத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சாவென்று சொல்ல மாட்டார்கள். தனியாக இருக்கிற இடத்தில் என்ன செய்துகொள்வானோ என்று பயம். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கூடிப் பேசி, ‘அக்காவுக்கு உடம்பு சரியில்லை’ என்று தந்தி கொடுத்தார்கள். அவனும் அதை நம்பி, அக்கா தேறுவதற்கென்று வெளிநாட்டுப் பால் பவுடர் டப்பாக்களை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம்.

அவன் டப்பாக்களை மேசையில் வைத்தான். பிறகு தொட்டியருகே போய், சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தான். இருந்த நாட்கள் முழுக்க அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சோறு பொங்கினோம், சாப்பிட்டோம், தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுபடி கப்பலுக்குக் கிளம்பும்போது தொட்டியை எனக்குச் சொல்லிக் கொடுத்தான். வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியை ஆறிய வெந்நீரில் கலக்கி, மூடி, அடியில் மண்டி தங்கும்வரை விட வேண்டும். மேலே படியும் ஏட்டை எடுத்துவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் பாட்டிலில் ஊற்ற வேண்டும். அதைக் காலையில் தொட்டி விளக்கைப் போடும் முன் சொட்டுச் சொட்டாக உள்ளே விட வேண்டும்.

“வேகமா விட்டா மொத்தமும் வெள்ளைப் பொடியாத் திரிஞ்சு போவும். அப்புறம் தண்ணியோட காரத்தன்மை பாக்கணும் அத்தான். குப்பியில மருந்தை விட்டா நீலம் மஞ்சளா மாறணும். சீக்கிரமே மாறிட்டுன்னா காரம் குறைவு. ஆப்ப சோடா போடுங்க.”

“சரி.”

“கல்லு செத்துட்டுன்னா செத்துட்டுன்னு சொல்லுங்க. உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அதற்கும் சரி என்றேன். நான் அதிகம் பேசத் தெரியாதவன். கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும், பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டும் என்பது மட்டும் மண்டையில் இருந்தது. கல் பிழைத்தால் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

காலையில் எழுந்ததும் பாட்டிலை ஆணியில் மாட்டுவேன். சொட்டுவிடுவதற்கு மெடிக்கல் ஸ்டோரில் வாங்கிய சலைன் குழாய். அதே மாதிரிக் குழாய் ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொட்டு சரியாக விழுகிறதா என்பதுதான் கவனம்.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்த அக்கா என் மனைவிக்குச் சிநேகிதி. அவர் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அக்கா அடிக்கடி எட்டிப் பார்ப்பார்.

“என்ன தம்பி, குப்பியும் கையுமா?”

“காரம் பாக்கேன்க்கா. குறைஞ்சிருக்கு.”

“மீனுக்குக் காரம் பத்தலையா? நம்ம வீட்டு மொளகாப்பொடி தரட்டுமா? ஒரு ஸ்பூன் போடு, துள்ளும்.”

பல நாட்களுக்குப் பிறகு அன்று சிரித்தேன் என்று நினைக்கிறேன். அல்லது அக்கா மட்டும் சிரித்திருக்கலாம்.

அவன் கப்பல் பம்பாய் திரும்பாமலே வேறு பயணம் போய்விட்டது, வருவது தள்ளிப்போனது. மழைக்காலத்தின் நடுவில் பொடி தீர்ந்தது. இரண்டு நாள் சும்மா விட்டதிலேயே காரம் இறங்கியது. கல்லின் சதை சுருங்கி ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன்.

“சுண்ணாம்புதானே வேணும்? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?” என்று, தான் வெற்றிலைக்கு வைத்திருந்த பீங்கான் ஜாடியையே கொண்டுவந்து கொடுத்தார். வெண்ணெய் மாதிரி இருந்தது. சுண்ணாம்பில் நல்லது கெட்டது எனக்குத் தெரியாது. கலக்கித் தெளியவிட்டேன். சரியாகத் தெளியவில்லை. மழைக் குளிர் என்று நினைத்து அப்படியே சொட்டவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் பால் போலக் கலங்கியிருந்தது. அதற்கு மறுநாள் நாற்றம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சின்னக் கற்களிலிருந்து சதை சளி மாதிரி உரிந்து மிதந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நாற்றம் கேட்டு அக்கா வந்தார்.

“சுண்ணாம்பு மீனைச் சுட்டிருக்காதே தம்பி? நாக்கு வெந்துரக் கூடாதுன்னு நான் தயிர் விட்டுல்லா கொழைப்பேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். பம்பாயில் ‘சூனா லகாயா’ என்றால், சுண்ணாம்பு தடவி ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். “பாரு, ஊரெல்லாம் ஆளுக்கு ஆள் சூனா தடவுதான். எம் பொண்டாட்டி கல்லுக்கே தடவிட்டா” என்றார். அக்கா அவரை முறைத்தார். ஆனால் அவர் அத்துடன் போய்விடவில்லை. மழைக்கு முன் நான் படகுக்காரரிடம் வாங்கி டிரம்மில் நிரப்பி வைத்திருந்த கடல் தண்ணீரைத் தொட்டிக்கு மாற்ற என்னோடு வாளி பிடித்தார். அடுத்த நாள் தாராவியில் தோல் பதனிடும் இடத்திலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கட்டிகள் கொண்டுவந்தார். தோலில் முடி உதிர்வதற்குப் போடுகிற சுண்ணாம்பு, எதுவும் கலக்காதது. தண்ணீர் ஊற்றியதும் வாளி புஸ்ஸென்று கொதித்தது. ஆறவிட்டுத் தெளியவைத்தேன். இந்த முறை கண்ணாடி போலத் தெளிந்தது.

பிழைத்தது பெரிய கல்லும், அதை ஒட்டி இருந்த ஒன்றிரண்டும், ஒரு மீனும்தான். மற்றவை வெறும் சுண்ணாம்பாக நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முனை மளிகைக் கடை அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவர் கடையில்தான் போன் இருந்தது. “ஒம்ம மச்சினன் வே, கப்பல்லேருந்து எறங்கிப் பேசுதான். ஓடி வாரும்.”

கடையில் கூட்டம். ரிசீவரை வாங்கினேன்.

“அத்தான், எப்படி இருக்கு?”

‘நல்லா இருக்கு’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. வரட்டும், நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. பெரியவர்களுக்கும் அன்றைக்கு இப்படித்தான் தோன்றியிருக்கும்.

“பாதிக்கு மேல செத்துட்டு” என்றேன்.

“எப்படி?”

“தயிர்.”

“என்னது?”

“பக்கத்து வீட்டு அக்கா தந்த சுண்ணாம்புல தயிர் கலந்திருந்துச்சு. எனக்குத் தெரியல.”

“தயிரா?” அவன் குரலில் வந்தது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. “மிச்சம்?”

“பெரிய கல்லு இருக்கு. காரம் இப்ப சரியா நிக்கி.”

போனில் காசு ஓடுமே என்று நான்தான் கவலைப்பட்டேன்.

“அத்தான். அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டாளா?”

“பட்டா.”

“கடைசியா என்ன பேசினா?”

“வீட்ல குழாயில தண்ணி வந்துட்டான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ராத்திரிலேருந்து நான் ஆஸ்பத்திரிலதான இருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? வந்துட்டு, பிடிச்சு வச்சுட்டேன்னு சொன்னேன்.”

அவன் இன்னும் கேட்டான். யார் யார் வந்தார்கள், அவளுக்கு என்ன சேலை உடுத்தினார்கள், எந்தச் சுடுகாடு. கேட்டதற்கெல்லாம் சொன்னேன். துவரம்பருப்புக்கு நின்ற பெண் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு, பொறு என்று அவளுக்குக் கை காட்டினார்.