ஈரச் சுமைக்கு ஒரு கை

எங்கள் சபையில் பாரம் சுமப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத வருஷம் கிடையாது. களைத்தவர்கள் வந்து இளைப்பாறுவதைப் பற்றி ஒரு ஞாயிறு, சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதைப் பற்றி ஒரு ஞாயிறு. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது எனக்குச் சிரிப்பு வரும். பேசினவர்கள் ஒருத்தர் தலையிலாவது ஒரு நாள் சும்மாடு ஏறியிருக்குமா?

அதிலும் ஓர் இடம் என்னை ரொம்ப நாள் வம்புக்கு இழுத்தது. அப்போஸ்தலர் எழுதிய ஒரு நிருபத்தில், அடுத்தவர் பாரத்தையும் நாம் தூக்க வேண்டும் என்று வருகிறது. நாலு வரி தாண்டுவதற்குள், அவரவர் பாரத்தை அவரவர்தான் தூக்கியாக வேண்டும் என்றும் வருகிறது. என்ன மனுஷன் இவர், காலையில் ஒரு பேச்சு சாயங்காலம் ஒரு பேச்சு என்று நினைப்பேன். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கல்யாணமான இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மெஷின் இறக்கும்போது கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டார். சபையிலிருந்து ஓர் அம்மா அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்வதற்கு ஆராதனையில் விடும் நேரம் அது. அந்த அம்மா எழுந்தார். அடுப்பெரியாத ஒரு குடும்பத்தைத் தாங்குவதற்குக் கர்த்தர் தன் கையைத் தேர்ந்தெடுத்ததற்காக நன்றி சொன்னார். பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் அடுப்பு ஒரு நாளும் எரியாமல் இருந்ததில்லை. கம்பஞ்சோறாவது பொங்கிக்கொண்டுதான் இருந்தேன். இனி செத்தாலும் எவர் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று ஆராதனைப் பாயில் உட்கார்ந்தபடியே முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த வீம்போடுதான் சலவைப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். அறுபதுகளின் நடுவில் நொய்யல் கரையோரம் அப்படிப் பல பட்டறைகள் இருந்தன. பனியன் கம்பெனிகளில் மெஷினில் ஓட்டிய பழுப்புத் துணி எங்களிடம் வரும். சோடாவில் வேகவைத்து, வெளுக்கும் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, அலசி, நீலம் போட்டு எடுத்தால் கண் கூசும் வெள்ளை. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, மேட்டில் இருக்கும் காயப்போடும் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் பெண்கள் எட்டுப் பேருக்கும் வேலை.

ஈர மூட்டையின் கனம் தூக்கினவளுக்குத்தான் தெரியும். தலையில் ஏறிவிட்டால் நடந்துவிடலாம். தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவதுதான் பாடு. அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்தி சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக் குனிவாள், பக்கத்தில் இருப்பவள் கை பிடித்து மூட்டையை ஏற்றிவிடுவாள். காட்டில் அவளுக்கு முன்னால் போனவள் நின்று இறக்கிவிடுவாள், முதலில் போகிறவளுக்கு மட்டும் ஒருத்தி கூடவே போய் இறக்கிவிடுவாள். கடைசியாக நிற்பவளுக்கு, முதலில் போனவள் திரும்பி வந்து ஏற்றிவிடுவாள். "ஏனக்கா, ஒரு கை புடியுங்க" என்ற குரல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் மட்டும் கேட்கவில்லை. மூட்டையைத் துவைகல்லின் மேல் புரட்டி வைத்து, கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையை அடியில் கொடுத்து, முழங்காலில் கையை ஊன்றி எழுந்துவிடுவேன். முதல் நாள் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இது பொம்பளையா பூதமா?" என்றாள் ஒருத்தி. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பாயில் படுத்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தது யாருக்குத் தெரியும்?

அங்கே என்னோடு நன்றாகப் பழகினவள் ஒருத்தி, தறிக்காரர் வீட்டு மருமகள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற குடும்பம். நூல் கிடைக்காமல் வீட்டில் தறி நின்றுவிட்டதால், அவள் உழைப்பில்தான் வீட்டில் உலை கொதித்தது. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தன் சுமையை அவள் குறைத்துக்கொள்ளவில்லை. ஏற்றிவிட மட்டும் ஆள் வேண்டும், ஏறிவிட்டால் ஆடாமல் அசையாமல் நடப்பாள்.

எங்கள் மேஸ்திரியும் எங்கள் சபைதான். தெற்குச் சீமைக்காரர். வெள்ளை வேட்டியில் கறை படாமல் பட்டறையைச் சுற்றி வருவார், ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒற்றையாகத் தூக்குவதைப் பார்த்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பாருங்க, இந்தப் பிள்ளை ஒத்தையா தூக்குது. நீங்க ஒருத்திக்கு ஒருத்தி காத்து நின்னு பேச்சு வளக்கிய. வெயில் போயிருது. இனிமே ஏத்திவிடுத வேலையெல்லாம் கெடையாது. அவாஅவா மூட்டைய அவாஅவா தூக்கணும். வேதத்துலயே எழுதியிருக்குல்லா! முடியாதவ திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம்."

சொல்லும்போது அவர் கண் நேராக என் தோழியின் வயிற்றுக்குத்தான் போனது. எனக்குப் பிடித்த வசனத்தையே எடுத்து என் கண் முன்னால் அவள் கழுத்தில் போட்டுவிட்டார். அதற்கு அளவுகோல் நான். அட பாவி, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

சனிக்கிழமை பட்டறை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. என்னைப் பார்த்து ஆளாளுக்குக் கல்லில் மூட்டையை ஏற்றிக் குந்தினார்கள். இரண்டு மூட்டை சேற்றில் உருண்டு, வெள்ளைத் துணி மறுபடி தொட்டிக்குப் போனது. என் தோழி குந்தி உட்கார்ந்தாள், எழ முடியவில்லை. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் ஓடிப்போய் ஏற்றிவிட்டேன்.

"திருட்டுத்தனமா எத்தனை நாளைக்குக்கா ஏத்தி உடுவீங்க?" என்றாள். கோபம் இல்லை அவள் குரலில். "நான் ஒண்ணும் என் சுமையத் தூக்கச் சொல்லலீங்க. ஏத்தி உட்டாப் போதும், நானே கொண்டுட்டுப் போயிருவேன்."

மறுநாள் ஞாயிறு, சபைக் கோயிலில் மேஸ்திரி வேதபாடம் வாசித்தார். நான் வேதத்தைத் திறந்து அந்த இரண்டு வசனத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோழி சொன்னதுதான் காதில் ஓடியது. ஏற்றிவிட ஒரு கை, கொண்டுபோகத் தன் கழுத்து. இரண்டும் இருந்தால்தான் மூட்டை காட்டுக்குப் போய்ச் சேரும். அப்போஸ்தலர் மாற்றிப் பேசவே இல்லை. நான்தான் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். சந்தோஷத்தில் ஆராதனை என்றும் பாராமல் "அடடா!" என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மா முறைத்தார்.

திங்கட்கிழமை மூட்டைகள் கட்டியாயிற்று. நான் என் மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கை கேட்பது இவ்வளவு கஷ்டமா? அந்தச் சாட்சி நேரம், திரும்பிய தலைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. என் தோழியின் முகத்தைப் பார்த்தேன். பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"எனக்கு முடியலீங்க! ஆராச்சும் ஒரு கை புடிச்சு ஏத்தி உடுங்க!"

பிறகு பக்கத்திலிருந்தவள் தன் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். "எனக்குந்தானுங்க முடியல" என்றாள். ஒவ்வொருத்தியாக எட்டுப் பேரும் உட்கார்ந்துவிட்டோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரத் துணி கட்டியபடியே கிடந்தால் மஞ்சள் பாய்ந்துவிடும்.

மேஸ்திரி ஓடி வந்தார். "என்னம்மா கூத்து இது? நீதான அன்னைக்கு ஒத்தையா தூக்குன?"

"வீம்புக்குத் தூக்கினேனுங்க. கழுத்து இன்னும் எரியுது."

"வேதத்துல என்ன எழுதியிருக்கு?"

"அதுக்கு மேல நாலு வரி படிக்கலீங்களா ஐயா? ஒருத்தர் சொமைக்கு இன்னொருத்தர் கை கொடுக்கோணும்னு அங்கதானுங்க எழுதியிருக்குது. பாதிய மட்டும் படிச்சா ஆகுமுங்களா? நானும் இத்தன நாளா உங்களாட்டத்தான் பாதியப் படிச்சுட்டு இருந்தேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் விடவில்லை. எனக்கு வாய் அடங்குகிற பழக்கம் அப்போதும் கிடையாது. "ஒண்ணு பண்ணுங்க. நீங்க ஒருக்கா ஒத்தையில தூக்கிக் காட்டுங்க. நாங்க எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமத் தூக்கறோம். இந்த அம்மிணியும் தூக்குவா, முடியாட்டி ஊட்டுக்குப் போயிருவா."

சொன்ன பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அவர் ஆள் நல்ல கட்டுமஸ்து. தூக்கிவிட்டால்? அவள் பிழைப்பைப் பந்தயத்தில் வைக்க நான் யார்? அவளோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். என்னைப் போலவே மூட்டையைக் கல்லில் வைத்துக் குந்தினார். முதல் தடவை மூட்டை தோளில் வழுக்கி, நீலத் தண்ணீர் சட்டை முழுக்க ஊற்றியது. இரண்டாம் தடவை அவரே பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். யாரோ களுக்கென்று சிரித்தாள். மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பாதி எழுந்துவிட்டார். ஆண்டவரே, தூக்கிவிடாதபடி செய்யும் என்று நான் வேண்டிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்புதான்.

பாதியில் நின்றார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வைக்க முடியவில்லை. "என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கிய?" என்று அலறினார். "ஒரு கை புடிங்கம்மா!"

நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து மூட்டையைப் பிடித்துத் தூக்கினோம். தலையில் சும்மாடு இல்லாமல் வைத்தால் கழுத்து போய்விடும். என் தோழி முன்னால் வந்தாள். தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, இறுக்கிச் சுருட்டி, அவர் வழுக்கைத் தலையில் நேராக வைத்தாள். "இப்ப வைங்கக்கா" என்றாள். வைத்தோம். யாரை வீட்டுக்கு அனுப்ப நினைத்தாரோ, அவள் சும்மாட்டின் மேல்தான் அவர் சுமை உட்கார்ந்தது.

அவர் மேட்டில் ஏறினார். தள்ளாடினாலும் நிற்காமல் நடந்தார், அதைச் சொல்ல வேண்டும். காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே இறக்கிவிட ஒருவரும் இல்லை. நாங்கள் எட்டுப் பேரும் கீழே நின்றோம். தலையில் மூட்டையோடு கயிறுகளுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எறக்கிவிட ஆளு இல்லியா? ஏ தாயி, யாராச்சும் வாங்களேன்!"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. நானும் இன்னும் இரண்டு பேரும் மேட்டில் ஓடினோம். பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோழியும் வந்து சேர்ந்தாள். மூட்டையை இறக்கினோம். அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இங்கனயே நில்லு தாயி. வாரவளுக்கெல்லாம் ஒரு பக்கம் தாங்கி எறக்கிவிட்டு, துணியை விரிச்சுப் போடு. பிள்ளை பொறக்குத வரைக்கும் அது போதும்." எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "பொறந்த பொறவும் வேலைக்கு வா" என்றார்.

என் தோழி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் அழவில்லை என்று சொன்னால் பொய். கீழே இறங்கி வந்து மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, "ஏனுங்க, ஒரு கை புடியுங்க" என்றேன். நாலு கை வந்தது. அன்றைக்கு மூட்டை கனமாகவே தெரியவில்லை. மத்தியானத்துக்குள் காடு முழுக்க வெள்ளைவெளேரென்று துணி ஆடியது, ஒரு மூட்டைகூட மஞ்சள் பாயவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாட்சி சொல்ல வாயைத் திறக்காத நான் எழுந்து நின்றேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு முடியலீங்கன்னு கேட்டேன், ஏழு பேர் எனக்காக அவங்கவங்க சொமையப் போட்டுட்டு உக்காந்தாங்க. நாலு கை புடிச்சு ஏத்தி உட்டாங்க. அதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரமுங்க" என்றேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. திரும்பட்டுமே, எனக்கென்ன!

உட்காரப் போனேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கழுத்தில் தைலம் மணக்க மேஸ்திரி எழுந்து நின்றார்.

"எனக்குந்தான் ஏத்திவிட்டாவ. அதையும் சேத்துச் சொல்லு தாயி!"